முக்கால் கிலோ உப்பில் ஒரு கேன் கடல்

20 லிட்டர் கேன் தண்ணீர் ஒன்று, மீன் கடையில் வாங்கிய கடலுப்புக் கலவை முக்கால் கிலோ, தண்ணீரைச் சுழற்றிவிட ஒரு சின்ன பம்பு. புதுக்கோட்டை நகரத்தில் ஒரு வீட்டு வரவேற்பறையில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவருக்கு வாரம் ஒருமுறை தேவைப்படுவது இவ்வளவுதான். 200 லிட்டர் தொட்டி என்றால் பத்தில் ஒரு பங்கு பழைய தண்ணீரை இறைத்துவிட்டு, அதே அளவு புதுக் கடல்நீரை ஊற்ற வேண்டும். கேட்பதற்கு எளிய வேலைதான். ஆனாலும் தொட்டியில் மீன் ஒன்று மல்லாந்துவிட்டால், அனுபவசாலிகள் முதலில் விசாரிப்பது தீனியைப் பற்றியோ நோயைப் பற்றியோ இருக்காது, "தண்ணி எப்ப மாத்துனீங்க, எப்படிக் கலக்குனீங்க?" என்றுதான் கேட்பார்கள்.

தங்கமீனும் கப்பியும் வளர்ப்பவர்களுக்கு இவ்வளவு தொல்லை கிடையாது. குளத்து மீனின் சாதி மழைக்குப் புதுத்தண்ணீரையும் கோடைக்குக் குட்டைத் தண்ணீரையும் பார்த்துப் பழகியது. பவளப்பாறை ஓரத்தில் வாழும் கோமாளி மீன் அப்படியல்ல. 2003ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்துக்குப் பிறகு குழந்தைகள் 'நீமோ' என்றே கூப்பிடும் அந்த ஆரஞ்சு, வெள்ளைப் பட்டை மீன் பிறந்த இடத்தில் தண்ணீரின் உப்பும் சூடும் வருடம் முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவந்தவர் அந்த மாறாத்தன்மையையும் சேர்த்துக் கொண்டுவந்தாக வேண்டும்.

மீன் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஃபில்டரில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகின்றன. நைட்ரேட் அவ்வளவு கொடியது இல்லை என்றாலும், போக வழியில்லாமல் தொட்டியிலேயே சேர்ந்துகொண்டே போகும். அதை வெளியே எடுக்க எளிய வழி, தண்ணீரையே எடுத்துவிடுவது. கடல்நீரின் பி.எச். 8.1-க்கு அருகில் இருப்பதால் அம்மோனியாவின் விஷம் நன்னீரில் இருப்பதைவிட இங்கே கூடுதல்; சூடு ஏறினால் இன்னும் கூடுதல். ஆகவே கடல்மீன் தொட்டிக்காரர் தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப்போட முடியாது.

இந்த இடத்தில் புதுக்கோட்டைக்காரர் யாரும் ஒரு கேள்வி கேட்பார். கடல்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, எதற்காகக் காசு கொடுத்து உப்பு வாங்கிக் கலக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. 1974 ஜனவரியில் தனி மாவட்டம் அமைந்தபோது தஞ்சாவூர் மாவட்டத்தின் அறந்தாங்கிப் பகுதி இதோடு சேர, கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று சுமார் 42 கிலோமீட்டர் கடற்கரை கிடைத்தது. நகரத்திலிருந்து அறந்தாங்கி வழியாகக் கிளம்பினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடலில் கால் நனைக்கலாம். வண்டியில் நாலு கேன் போட்டுக்கொண்டு போனால் உப்புச் செலவு மிச்சம்தானே?

சிக்கல் இந்தக் கடலின் குணத்தில் இருக்கிறது. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதி 15 மீட்டரைக்கூடத் தொடாது. கரையோரம் வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான். அடியில் சேறும் கடற்புல்லும். காற்று கொஞ்சம் வலுத்தால் அடிச்சேறு கிளம்பித் தண்ணீர் கலங்கலாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் வெள்ளாறு போன்ற ஆறுகளும் ஓடைகளும் கொண்டுவரும் மழைநீர் கரையோர உப்பைக் குறைக்கும். அதோடு வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீரையும் நீரோட்டம் வடக்கிலிருந்து இதற்குள் தள்ளிவிடும். சித்திரையில் ஒரு கேன் எடுத்து அளந்தால் ஒரு கணக்கு, மார்கழியில் எடுத்தால் வேறொரு கணக்கு. விசைப்படகுகள் நிற்கும் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் துறைகளில் டீசலின் நிறப்படலம் தண்ணீர்மேல் மிதப்பதைப் பார்க்கலாம். இறால் பண்ணைகள் தண்ணீர் திறந்துவிடும் வாய்க்கால்களும் இதே கரையில்தான் வந்து சேருகின்றன.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் உண்டு. 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் மன்னார் வளைகுடாக் கடல் பச்சைப்பசேல் என்று நிறம் மாறி, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. நாக்டிலூகா என்ற நுண்ணுயிரி அளவுமீறிப் பெருகியதுதான் காரணம் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அந்த வாரத்தில் அங்கே கேன் நிரப்பியவர் தொட்டியின் கதி என்ன ஆகியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

கடல்நீரையே நம்பிப் பிழைப்பவர்கள் அதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டைப்பட்டினத்திலிருந்து மீமிசல், தொண்டி வழியாகத் தெற்கே போனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் வருகிறது. 1947ல் தொடங்கிய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1971ல் தலைமையகம் கொச்சிக்கு மாறும்வரை இங்கேதான் இருந்தது. இன்றும் அதன் மண்டபம் மையம் பேர்பெற்றது. இந்தியாவில் முதன்முறையாக 2010ல் கடல் விரால் மீனை அடைப்பில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்த இடம் அது. கோமாளி மீன் வகைகளையும் அங்கே தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்திருக்கிறார்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997ல் கொடுவா மீனில் இதே சாதனையைச் செய்தது. மரக்காணம் பக்கத்துக் கடற்கரையில் இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் வரிசையாக இருக்கின்றன. புதுக்கோட்டைக் கரையோரப் பண்ணைக்காரர்களுக்கு வன்னாமி இறால் குஞ்சு வருவது இதுமாதிரிப் பொரிப்பகங்களிலிருந்துதான்.

கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இவர்கள்கூட, இறைத்த தண்ணீரை நேரே தொட்டியில் விடுவதில்லை. முதலில் மணல் வடிகட்டி. அடுத்துத் தண்ணீரைத் தேக்கிக் குளோரின் போட்டுக் கிருமிகளைக் கொல்வார்கள். ஒருநாள் பொழுதுக்குக் காற்றை ஊதி, மீதமிருக்கும் குளோரினைச் சோடியம் தயோசல்பேட் போட்டு முறிப்பார்கள். ஒரு சொட்டு சோதனைத் திரவம் விட்டுப் பார்த்து, நிறம் வராவிட்டால்தான் அடுத்த வேலை. பிறகு 10 மைக்ரான், 5 மைக்ரான், 1 மைக்ரான் என்று வரவர நுண்மையான வடிகட்டிகள். கடைசியாகப் புற ஊதா விளக்கு. இத்தனையும் முடிந்த தண்ணீர்தான் குஞ்சுக்குப் போகும். வீட்டுக்காரர் கேனில் பிடித்து வந்து நேரே கவிழ்ப்பதும் இதுவும் ஒன்றாகுமா? அப்படியும் கடலிலிருந்துதான் எடுப்பேன் என்பவர், துறைமுகத்தையும் ஆற்று வாயையும் விட்டு விலகி, மழையில்லாத மாதத்தில், தெளிந்த நாளாகப் பார்த்து எடுத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, இருட்டில் மூடிவைத்து இரண்டு வாரம் ஆறவிட்ட பிறகே பயன்படுத்துவது நல்லது.

சரி, கடலிலிருந்து வேண்டாம். வீட்டில் இருக்கும் உப்பைப் போட்டால்? அயோடின் சேர்த்த பாக்கெட் உப்பு வேண்டாம், தூத்துக்குடி கல்லுப்பு கடலிலிருந்து வந்ததுதானே?

இது பலரும் சறுக்கும் இடம். ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அதில் குளோரைடு 19 கிராமுக்கு மேல், சோடியம் 11 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நம் சமையல் உப்பு. மீதியில் சல்பேட் 2.7 கிராம், மெக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தலைக்கு 0.4 கிராம். இன்னும் பல தாதுக்கள் துளித்துளியாக. கடலின் உப்பு இடத்துக்கு இடம் கூடலாம், குறையலாம். ஆனால் இந்த விகிதம் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 'சேலஞ்சர்' என்ற ஆங்கிலேயக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி எடுத்துவந்த 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் ஆராய்ந்து, 1884ல் இதை உறுதிப்படுத்தினார்.

உப்பளத்தில் நடப்பது இந்த விகிதத்தைக் கலைக்கும் வேலை. பாத்தியில் கட்டிய கடல்நீர் வெயிலில் சுண்டச் சுண்ட, முதலில் சுண்ணாம்பு அடியில் படிகிறது. அடுத்து ஜிப்சம். தண்ணீரின் அடர்த்தியை அளக்கும் போமே மீட்டரில் 25 டிகிரி காட்டும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கும். உப்பை வாரியபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் மெக்னீசியமும் பொட்டாசியமும் தங்கிவிடும். அதை வடித்து வெளியே விடுவார்கள், இல்லையென்றால் உப்பு கசக்கும். ஆக, கால்சியம் முந்திய பாத்தியிலேயே நின்றுவிட்டது, மெக்னீசியம் வடிகாலில் போய்விட்டது. வேதாரண்யம் உப்பானாலும் தூத்துக்குடி உப்பானாலும் திரும்பத் தண்ணீரில் கரைத்தால் கிடைப்பது உப்புத் தண்ணீர்; கடல்நீர் ஆகாது. நல்ல உப்பு எடுப்பவரின் திறமையே மீனுக்கு வேண்டியதை ஒதுக்கித் தள்ளுவதில் இருக்கிறது என்றால் தப்பில்லை.

புதுக்கோட்டைக்கு உப்பு விஷயத்தில் இன்னொரு பழைய கதையும் உண்டு. கடல் இல்லாத சமஸ்தானத்தில் உவர்மண்ணைக் கரைத்து மண் உப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். உப்புவரி வாங்கிவந்த பிரிட்டிஷ் அரசுக்கு இது பிடிக்குமா? 1887ல் அந்தத் தொழிலை நிறுத்த வைத்து, ஈடாகச் சமஸ்தானத்துக்கு ஆண்டுதோறும் 38,000 ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டது.

கடலைச் செயற்கையாகக் கலக்கும் யோசனை லண்டன்காரர்களுடையது. 1853ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் மாளிகை திறந்தபோது கடல்நீரைக் கரையிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளர் அடுத்த ஆண்டே ஒரு செய்முறையை வெளியிட்டார். சமையல் உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு என்று நாலே பொருள். சுண்ணாம்பைச் சேர்க்கவில்லை, லண்டன் தண்ணீரிலேயே அது போதிய அளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டார். கலந்த தண்ணீரில் முதலில் கடற்பாசியை விட்டு, பிறகு உயிர்களை விட்டார்.

எல்லாரும் இதைக் கேட்டுக்கொள்ளவில்லை. 1930ல் சிகாகோவில் ஷெட் அக்வேரியம் திறந்தபோது, ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட்டிலிருந்து 20 ரயில் டாங்கர்கள் எட்டு நடை போய்வந்து 10 லட்சம் கேலன் கடல்நீரைச் சுமந்து சேர்த்தன. 2005ல் அட்லாண்டாவில் திறந்த ஜார்ஜியா அக்வேரியமோ கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நகரத்துக் குழாய்த் தண்ணீரில் உப்புக் கலவையைப் போட்டே திமிங்கலச் சுறாவுக்குக் கடல் செய்துவிட்டார்கள். அங்கே பயன்பட்ட 'இன்ஸ்டன்ட் ஓஷன்' வகை உப்புதான் சின்னப் பொட்டலமாக நம் ஊர் மீன் கடைகளுக்கும் வருகிறது.

இனி வாளிக்கு வருவோம்.

முதல் தேவை நல்ல தண்ணீர். புதுக்கோட்டை மாவட்டத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினம். கொதிக்க வைத்த பாத்திரத்தின் வெள்ளைப் படிவமே அதற்குச் சாட்சி. காவிரிக் குடிநீரில் குளோரின் இருக்கும். இரண்டிலும் உப்புக் கலவையைப் போட்டால் காஸ் போட்ட கணக்குப்போல ஏதோ ஒன்று கூடவோ குறையவோ செய்யும். ஆகவே ஆர்.ஓ. தண்ணீர். டி.டி.எஸ். மீட்டரை நனைத்துப் பார்த்தால் ஒற்றை இலக்கத்தில் காட்டுவது உத்தமம். கடைக் கேன் தண்ணீரில் ருசிக்காகத் தாது சேர்த்திருந்தால் 50, 60 காட்டும்; மீன் மட்டும் இருக்கும் தொட்டிக்கு அது பெரிய குற்றமில்லை.

வாளியில் தண்ணீரை முதலில் ஊற்றி, பம்பை ஓடவிட்டு, உப்பைக் கையால் தூவித் தூவிப் போட வேண்டும். உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றுவது தலைகீழ். அப்படிச் செய்தால் அடியில் கொஞ்ச நேரத்துக்கு மிக அடர்த்தியான கரைசல் உண்டாகி, கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெள்ளைச் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. சரியாகத் தூவியவர் வாளியில் என்ன நடக்கும்? முதல் சில நிமிடம் அரிசி கழுவிய தண்ணீர்போல வெண்மையாகக் கலங்கும், பம்பின் வாயருகே உப்புப் பரல்கள் சுழன்று கரையும், ஒரு மணி நேரத்துக்குள் வாளியின் அடி தெரிய ஆரம்பிக்கும். தெளிந்தவுடனே ஊற்றிவிடத் துடிக்கும் கையைக் கட்டிப்போட வேண்டியது இந்த நேரத்தில்தான். காற்றிலுள்ள கரியமில வாயுவோடு தண்ணீர் சமநிலைக்கு வரவும் பி.எச். நிலைக்கவும் இன்னும் சில மணி நேரம் ஓட வேண்டும். ராத்திரி கலந்து காலையில் ஊற்றுவது வசதியான பழக்கம்.

"சுடுதண்ணியில போட்டா சீக்கிரம் கரையுமே" என்று சமையலறை அனுபவம் சொல்லும். சர்க்கரைக்கு அது பொருந்தும். சமையல் உப்போ 0 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 357 கிராம் கரைந்தால், கொதிக்கும் தண்ணீரில் 390 கிராம்தான் கரையும். சூட்டினால் பெரிய லாபம் இல்லை. சுண்ணாம்பு இன்னும் விசித்திரம். சூடு ஏற ஏற அதன் கரைதிறன் குறையும். அதனால்தான் ஹீட்டர் ராடில் வெள்ளை ஓடு கட்டுகிறது. கடலுப்புக் கலவையைக் கொதிநீரில் போடுபவர் அதிலுள்ள கால்சியத்தை வாளிச் சுவரில் பூசிவிட்டு, வெளுத்த தண்ணீரை மீனுக்குக் கொடுக்கிறார். அறைச் சூட்டில் கலந்து, தெளிந்தபின் தேவைப்பட்டால் தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவருவதே முறை.

தேவைப்பட்டால் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்படும் மீன் வளர்ப்புக் கையேடுகள் தண்ணீர் மாற்றும்போது சூடாக்குவதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். குளிர்கால நிலவறையில் 10 டிகிரிக்குக் கிடக்கும் தண்ணீரை வைத்திருப்பவருக்கு அது வேண்டியதுதான். புதுக்கோட்டையில்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மார்கழி விடியலில் வாளித் தண்ணீர் 22 டிகிரி, தொட்டி 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 180 லிட்டரில் 20 லிட்டரை ஊற்றினால் தொட்டி இறங்குவது 0.6 டிகிரிதான். மெதுவாக, மீன் இல்லாத மூலையில் ஊற்றினால் கோமாளி மீன் அதைக் கண்டுகொள்ளப் போவதில்லை. அதே ஆள் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு, ஒருநாள் பாதித் தண்ணீரை ஒரே மூச்சில் மாற்றினால் 3 டிகிரி சடாரென்று இறங்கும், மீன் திணறும். சூடாக்க வேண்டுமா என்பதை வெளியே அடிக்கும் குளிர் பாதி தீர்மானித்தால், எவ்வளவு தண்ணீரை மாற்றுகிறோம் என்பது மீதியைத் தீர்மானிக்கிறது.

உப்பு அப்படி மன்னிக்காது. சூட்டில் வந்த வித்தியாசம் சில மணி நேரத்தில் அறையின் சூட்டோடு சமமாகிக் காணாமல் போகும். உப்பில் விட்ட பிழை தொட்டியிலேயே தங்கி, வாரம்தோறும் சேரும். 35 கிராம் இருக்க வேண்டிய தண்ணீரை ஒவ்வொரு வாரமும் 32 கிராமாகக் கலந்து ஊற்றுபவரின் தொட்டி, பத்து வாரத்தில் 33க்கு வந்து நிற்கும். எந்த ஒரு நாளும் எதுவும் நடந்ததாகத் தெரியாது.

இங்கேதான் சூடும் உப்பும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பலரிடம் இருப்பது தண்ணீரில் மிதக்கும் ஹைட்ரோமீட்டர். உப்பளக்காரரின் போமே மீட்டருக்குத் தம்பி முறை. தண்ணீரின் அடர்த்தியை வைத்து உப்பைச் சொல்லும். தண்ணீர் சூடானால் விரிந்து அடர்த்தி குறைவதால், உப்பு குறைவாக இருப்பதுபோல அந்தக் கருவி ஏமாற்றும். 25 டிகிரிக்கு அளவிட்ட ஹைட்ரோமீட்டரை 30 டிகிரித் தண்ணீரில் விட்டால் சுமார் 2 கிராம் குறைத்துக் காட்டிவிடும். அதை நம்பி இன்னும் ஒரு பிடி உப்பைப் போடுபவர் உண்மையில் 37க்குப் போய்விடுகிறார். ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இதைவிட நம்பகமானது. அதையும் அவ்வப்போது தரக் கரைசல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். தொட்டியின் சூட்டுக்கு வாளியைக் கொண்டுவந்த பிறகு அளப்பது என்ற பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். புதுக்கோட்டை வீட்டில் வாளிக்கு ஹீட்டர் போடுவதற்கான நல்ல காரணமும் இதுவே.

அதற்குப் பெரிய ஹீட்டர் தேவையில்லை. 20 லிட்டர் கடல்நீரை 5 டிகிரி ஏற்ற 100 வாட் மீன்தொட்டி ஹீட்டருக்கு ஒரு மணி நேரமும் கொஞ்சமும் போதும். மின்செலவு ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்குகூட ஆகாது. குளிப்பதற்கு வாளியில் போடும் ஹீட்டர் ராடை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாது. அதன் குழல் பெரும்பாலும் செம்பின்மேல் முலாம் பூசியது. உப்புநீர் முலாமை அரித்துச் செம்பைக் கரைக்கும். செம்பு துளி கரைந்தாலும் நத்தை, இறால், கடல்தாமரை போன்ற முதுகெலும்பற்ற உயிர்களுக்கு எமன்தான். கீசரில் பிடித்த வெந்நீருக்கும் இதே ஆட்சேபம் பொருந்தும். உப்புநீர் மின்சாரத்தை நன்னீரைவிடப் பலமடங்கு நன்றாகக் கடத்தும் என்பதால், அரித்த ராடு கிடக்கும் வாளியில் கைவிடுபவரின் உயிருக்கே ஆபத்து. கண்ணாடி அல்லது டைட்டானியம் ஹீட்டர், தெர்மோஸ்டாட்டோடு. ஒயர் வழியாகத் தண்ணீர் வழிந்து பிளக்குக்குப் போகாதபடி ஒயரில் ஒரு தொங்கல். வீட்டு மின்பலகையில் மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் பிரேக்கர். கண்ணாடி ஹீட்டரைத் தண்ணீரிலிருந்து எடுப்பதற்குக் கால் மணி முன்னால் சுவிட்சை அணைக்க வேண்டும். சூட்டோடு வெளியே எடுத்தால் படீரென்று வெடிக்கும்.

பொரிப்பகங்களில் கதை வேறு. இறால் குஞ்சு நன்றாக வளர 28 முதல் 32 டிகிரி வேண்டும். டன் கணக்கில் தண்ணீரை ஒவ்வொரு நாளும் மாற்றும் இடத்தில் 2 டிகிரி குறைந்தாலே குஞ்சின் பருவ மாற்றம் தாமதமாகும். தை மாதத்துக் குளிர் இரவுகளில் அவர்கள் ஹீட்டரை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். குஞ்சு பண்ணைக்கு வரும்போது நடப்பதைப் பார்த்தால் வீட்டுக்காரருக்கும் பாடம் இருக்கிறது. ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகளை வண்டியிலிருந்து இறக்கியதும் யாரும் குளத்தில் கவிழ்ப்பதில்லை. பையைக் கட்டோடு குளத்தில் மிதக்கவிட்டு, உள்ளும் வெளியும் ஒரே சூட்டுக்கு வரக் காத்திருப்பார்கள். பிறகு கட்டை அவிழ்த்து, குளத்துத் தண்ணீரைக் கை கையாக உள்ளே விட்டு, உப்பும் பழகிய பிறகே குஞ்சுகளை வெளியே நீந்தவிடுவார்கள். மீன் கடையிலிருந்து வாங்கிவந்த கோமாளி மீனுக்கும் இதே மரியாதைதான்.

புதுக்கோட்டைத் தொட்டிக்காரரின் நிஜமான எதிரி குளிர் இல்லை, வெயில். பங்குனி முடிந்தால் மொட்டைமாடி பிளாஸ்டிக் டேங்க் தண்ணீர் கையைச் சுடும். அந்தத் தண்ணீரை ஆர்.ஓ.வில் வடித்துச் சூடாறாமல் கலந்து ஊற்றினால், மேலே சொன்ன கணக்கு எதிர்ப்பக்கம் வேலை செய்யும். சூடு ஏறிய கடல்நீரில் ஆக்சிஜனும் குறைவு: 25 டிகிரியில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவில் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் 6.2 ஆகிவிடும். மீனின் மூச்சுத் தேவையோ சூட்டில் கூடும். பணம் உள்ளவர்கள் சில்லர் வாங்கி மாட்டுகிறார்கள். மற்றவர்கள் தொட்டியின் மேல்வாயில் ஒரு சின்ன ஃபேனைக் கட்டிவிடுகிறார்கள். தண்ணீர் ஆவியாவதால் 2, 3 டிகிரி குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். ஃபேன் ஓடும் தொட்டியில் இரண்டு நாளில் 4 லிட்டர் இறங்கினால் 35 இருந்த உப்பு 35.7 ஆகியிருக்கும். இதை நிரப்பக் கடல்நீரை எடுப்பது புதிதாக வருபவர்கள் தவறாமல் செய்யும் காரியம். குறைந்த அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கலந்த கடல்நீர், இறைத்து எடுத்த தண்ணீருக்குப் பதிலாக மட்டும்.

என்ன மீன் வைக்கலாம் என்பதிலும் ஒரு வரம்பு உண்டு. பவளம், கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றை 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அயல்நாட்டு வீடியோக்களில் வண்ணவண்ணமாகக் காட்டும் பவளத் தொட்டியை இங்கே வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுபவர் முதலில் சட்டத்தைப் படிப்பது நல்லது. தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த கோமாளி மீன் போன்றவை, கடலில் பிடித்துவந்தவற்றைவிடக் கண்ணாடிச் சுவருக்கும் பாக்கெட் தீனிக்கும் எளிதில் பழகும் என்பதால், தொடங்குபவர்களுக்கு அவையே பொருத்தம்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கடல்மீன் தொட்டியில் பம்பு நின்றால் முதலில் தீருவது ஆக்சிஜன், அடுத்து ஃபில்டர் நுண்ணுயிரிகள் செத்து அம்மோனியா ஏறும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்றும், முன்கூட்டியே கலந்து மூடிபோட்ட பிளாஸ்டிக் டிரம்மில் நிழலில் வைத்த 40, 50 லிட்டர் கடல்நீரும் அந்த நேரத்தில் கைகொடுக்கும். மூடிய டிரம்மில் அந்தத் தண்ணீர் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். எடுக்கும் முன் மறுபடி பம்பையோ கையையோ விட்டு நன்றாகக் கலக்கி, உப்பை ஒருமுறை அளந்துகொள்ள வேண்டும். மின்சாரம் இல்லாத நாட்களில் மீனுக்குத் தீனியை நிறுத்திவிடலாம்; வளர்ந்த மீன் சில நாள் பட்டினியைத் தாங்கும், அம்மோனியாவைத் தாங்காது.